சிண்டிகேட்டைச் சந்தையே உடைத்துவிடுமா? சீமெண்ணெய், பல்பு கணக்குகள்

ஜூன் 3, காலை 10.15 (கேள்வி)

ஏகபோகத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பவர்கள் எப்போதும் ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியைக் காட்டுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 1879 வாக்கில் அமெரிக்கச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் அவர்கள் கையில். 1911இல் நீதிமன்றம் உடைக்கும்போது பங்கு ஏற்கெனவே 64 பக்கம் இறங்கியாயிற்று. சீமெண்ணெய் விலை காலனுக்கு 1870இல் 26 சென்ட், 1880களின் நடுவில் 8 சென்ட். ஏகபோகக்காரன் விலையைக் குறைத்தான், சந்தை அவன் பங்கைக் குறைத்தது. இதில் நுகர்வோருக்கு என்ன நட்டம்? யாரும் தலையிடாமல் விட்டிருந்தாலே போதாதா?

ஜூன் 3, மதியம் 1.20

எண்கள் சரிதான். ஆனால் 90க்கும் 64க்கும் நடுவில் 32 வருஷம் இருக்கிறது. விளக்குக்கு எண்ணெய் வாங்குகிறவனிடம் "கொஞ்சம் பொறு, உன் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போது பங்கு குறையும்" என்று சொல்ல முடியாது.

பங்கு ஏன் இறங்கியது என்பதும் முக்கியம். 1901இல் டெக்சாஸில் ஸ்பிண்டில்டாப் கிணறு பீறிட்டது. கல்ஃப், டெக்சாகோ போன்ற போட்டி எண்ணெய்க் கம்பெனிகள் எல்லாம் அந்தப் பக்கத்தில் கிளம்பியவை. கூடவே மின்விளக்கு வந்து சீமெண்ணெயை ஓரங்கட்டியது, மோட்டார் வண்டி வந்து பெட்ரோலை நடுவில் உட்கார வைத்தது. ஸ்டாண்டர்டின் சொந்த ஊரான கிளீவ்லாந்தில் யாரோ ஒருவர் எதிர்க்கடை போட்டு ஸ்டாண்டர்டைச் சாய்த்ததாக நினைத்தால் அது நடக்கவில்லை. ஆட்டமே வேறு மைதானத்துக்குப் போய்விட்டது.

ஜூன் 3, இரவு 9.05

ரயில்வேக்கள் ஸ்டாண்டர்டுக்குச் சரக்குக் கட்டணத்தில் தந்த தள்ளுபடியைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். முடியாது. அதில் இரண்டு சமாசாரம் கலந்து கிடக்கிறது.

முதலாவது நியாயமானது. 1860களின் கடைசியில் லேக் ஷோர் ரயில்வேயிடம் ஸ்டாண்டர்டின் முன்னோடிக் கூட்டுவணிகம் தினம் 60 வண்டிச் சரக்கு தருவதாக ஒப்புக்கொண்டது. எண்ணெய் மட்டும் ஏற்றிய முழு ரயில் வழியில் எங்கும் வண்டிகளைக் கழற்றிச் சேர்க்காமல் போகும். நியூயார்க் போய்த் திரும்ப 30 நாள் ஆனது 10 நாளாகும் என்பது கணக்கு. அதே சரக்குக்கு 1,800 வண்டி தேவைப்பட்ட இடத்தில் 600 போதும். ரயில்வேக்கு அவ்வளவு மிச்சம், அதில் ஒரு பங்கைச் சரக்கு தருகிறவன் கேட்கிறான். இதை யாரும் குறை சொல்ல முடியாது. மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்பது காய்கறிச் சந்தையிலும் உள்ளதுதான்.

இரண்டாவது வேறு ஜாதி. 1872இல் சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி என்ற பெயரில் ஸ்டாண்டர்டும் வேறு சில ஆலைக்காரர்களும் கூட்டமாகச் சேர்ந்து ரயில்வேக்களோடு போட்ட ஒப்பந்தம். எண்ணெய் வயலிலிருந்து கிளீவ்லாந்துக்குப் பீப்பாய்க்கு 80 சென்ட் பொதுக்கட்டணம். கூட்டத்துக்குள் இருப்பவருக்கு 40 சென்ட் திரும்பக் கிடைக்கும். அதோடு வெளியே இருப்பவன் கட்டும் 80 சென்ட்டிலும் 40 சென்ட் கூட்டத்துக்கே வரும். அதாவது என் போட்டியாளன் ஒவ்வொரு பீப்பாய் அனுப்பும்போதும் எனக்குக் கப்பம் கட்டுகிறான். யார் எவ்வளவு சரக்கு அனுப்பினார்கள் என்ற விவரமும் ரயில்வேயிலிருந்து வரும். இதில் எந்தச் சிக்கனமும் இல்லை.

அந்த ஒப்பந்தம் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. வயல்காரர்கள் எண்ணெய் தரமாட்டோம் என்று நின்றதில் சில வாரங்களிலேயே ரத்து. ஆனால் அது வரப்போகிறது என்ற பயம் இருந்த அந்தச் சில வாரத்தில் கிளீவ்லாந்தின் 26 போட்டி ஆலைகளில் 22 ஸ்டாண்டர்டிடம் விற்றுவிட்டன. ஒப்பந்தம் செத்தது, வாங்கிய ஆலை தங்கிவிட்டது.

ஜூன் 4, காலை 8.40

"ரயில்வேக்கு நிலமும் உரிமமும் கொடுத்ததே அரசுதானே, அப்புறம் அது எப்படிச் சுதந்திரச் சந்தை?" என்று கேள்வி கேட்டவரே மறுபடி கேட்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன். சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்ததே பென்சில்வேனியா சட்டசபைதான். ஆனால் ரயில் தண்டவாளமோ எண்ணெய்க் குழாயோ, ஒரு நீண்ட கோட்டில் ஆயிரம் பேர் நிலத்தைத் தாண்ட வேண்டிய எதற்கும் அரசு கை வைக்காத உலகம் இருந்ததே இல்லை. அரசே தொடாத சந்தையைக் காட்டுங்கள், அதில் சோதித்துப் பார்க்கலாம் என்றால் விவாதம் அங்கேயே நின்றுவிடும்.

ஜூன் 4, இரவு 10.30

புதிய ஆள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு டைட்வாட்டர் குழாய்தான் நல்ல பாடம்.

1879. ஸ்டாண்டர்டுக்கு வெளியே இருந்தவர்கள் சேர்ந்து அலெகெனி மலைமேல் கச்சா எண்ணெய்க் குழாய் போட்டார்கள். 6 அங்குலக் குழாய், சுமார் 110 மைல். அவ்வளவு தூரம், அவ்வளவு உயரம் எண்ணெயைப் பம்ப் செய்து ஏற்ற முடியாது என்று பலர் சொன்னதை ஏற்றிக் காட்டினார்கள். ஸ்டாண்டர்ட் வழியெல்லாம் நிலத்தை வளைத்துப் போட்டுப் பார்த்தது. மறுமுனையில் அந்த எண்ணெயை வாங்கக்கூடிய ஆலைகளை வாங்கிப் பார்த்தது. தன் சொந்தக் குழாயையும் போட்டது.

1883இல் இருவரும் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். குழாய் வழிச் சரக்கில் ஸ்டாண்டர்டுக்கு 88.5, டைட்வாட்டருக்கு 11.5 சதவீதம். சண்டை தீர்ந்தது.

"விலையை ஏற்றினால் புதியவன் வருவான்" என்ற வாதத்தில் வந்தவன் என்ன செய்வான் என்பது விட்டுப்போகிறது. 100 ரூபாய்ச் சந்தையை உடைத்து 60 ரூபாய் ஆக்கி அதில் பாதி பெறலாம். உடைக்காமல் 100 ரூபாயில் ஒரு பங்கோடு நிம்மதியாக இருக்கலாம். கூட்டாளிகளிடம் கணக்குக் காட்ட வேண்டிய முதலாளி பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுப்பார்.

ஜூன் 5, காலை 7.15 (திருத்தம்)

தனிமடலில் ஒருவர் "விலையை அடிமாட்டுக்கு இறக்கிப் போட்டியாளரைக் கொன்றதை ஏன் எழுதவில்லை" என்று கேட்டார். வேண்டுமென்றுதான் விட்டேன். 1958இல் ஒரு பொருளாதாரக்காரர் ஸ்டாண்டர்ட் வழக்கின் சாட்சியங்களைப் புரட்டிப் பார்த்து, விலையை இறக்கிக் கொல்வது அவர்களின் முக்கிய ஆயுதம் இல்லை என்று எழுதினார். காரணம் எளிது. சந்தையில் 9 பங்கு விற்பவன் விலையை இறக்கினால் 9 பங்குக்கும் நட்டம், 1 பங்கு விற்பவனுக்கு 1 பங்கு நட்டம். எதிரியைக் கொல்வதைவிட நல்ல விலை கொடுத்து வாங்குவது மலிவு. பிற்பாடு இதை மறுத்தும் எழுதினார்கள். ஆனால் "மலிவாக விற்றுக் கொன்றான்" என்று வாய்ப்பாடு மாதிரி சொல்வதை விட்டுவிடலாம். வாங்கித் தீர்த்தார்கள். இணைப்புகளைக் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு அதுதான் வலுவான காரணம்.

ஜூன் 7, மாலை 6.50

ஏகபோகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கேள்வியின் இன்னொரு பாதி, நுகர்வோர் பாதுகாப்பு, அப்படியே கிடக்கிறது. அதற்கும் சீமெண்ணெயே போதும்.

கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் முதலில் ஆவியாகி வருவது நாப்தா, பெட்ரோல் வகை. அப்புறம் சீமெண்ணெய். 1860, 70களில் பெட்ரோலுக்கு வேலை இல்லை, ஆற்றில் கொட்டினார்கள். சீமெண்ணெய்க்கு நல்ல விலை. இப்படி இருந்தால் ஆலைக்காரன் என்ன செய்வான்? நாப்தாவை நிறுத்திச் சீமெண்ணெயைப் பிடிக்கத் தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, நாப்தாவில் ஒரு பகுதியைச் சீமெண்ணெயோடு விட்டுவிடுவான். கண்ணுக்குத் தெரியாது. விளக்கும் பளிச்சென்று எரியும், வாங்கியவன் சந்தோஷப்படுவான்.

வெடிப்பது முழு விளக்கு இல்லை, பாதி காலியான விளக்கு. எண்ணெய்க்கு மேல் உள்ள இடத்தில் காற்றும் நாப்தா ஆவியும் கலந்து நிற்கும். விளக்கு எரிய எரியக் கிண்ணம் சூடேறும். திரிக்குழாயில் சின்ன இடைவெளி இருந்தால், அல்லது எரியும்போதே எண்ணெய் ஊற்றினால், தீ உள்ளே இறங்கும். வாங்கும்போது தெரியாத குறை இரவு 8 மணிக்குத் தெரியும். அப்போது கடையை மாற்றிப் பயனில்லை.

சந்தை இதற்கு ஒரு பதில் தந்தது. பிராண்ட். புரூக்ளினில் பிராட் என்பவரின் ஆலை "ஆஸ்ட்ரல்" என்ற பெயரில் பாதுகாப்பான எண்ணெய் என்று சொல்லி விற்றது, நன்றாக விற்றது. ஸ்டாண்டர்ட் என்ற பெயரே "எங்கள் தரம் ஒரே சீர்" என்ற வாக்குறுதிதான். 1874இல் பிராட்டின் ஆலையும் ஸ்டாண்டர்டுக்குள் போய்விட்டது. எனக்குச் சுவாரசியமாகப் படுவது இதுதான். சரக்கைச் சோதிக்க வழியில்லாத வாடிக்கையாளர் பெரிய பெயரை நம்பி ஓடுவார். அப்படி ஓடுவது அந்தப் பெரிய பெயரை இன்னும் பெரிதாக்கும்.

சோதனை யார் கையிலாவது இருந்தால் சின்ன ஆலையும் "எங்கள் எண்ணெயும் தேறியது" என்று சொல்லி நிற்க முடியும். தரச் சட்டம் பெரியவருக்கு மட்டும்தான் சாதகம் என்று அடிக்கடி சொல்வார்கள். இங்கே தலைகீழ்.

ஜூன் 7, இரவு 11.10

அந்தச் சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று அதற்குள்ளும் நுழைந்தது.

எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி மெதுவாகச் சூடாக்கி, அவ்வப்போது சின்னச் சுடரை மேலே காட்ட வேண்டும். ஆவி ஒரு கணம் பற்றி அணையும் சூடு ஃபிளாஷ் பாயின்ட். எண்ணெயே பிடித்து விடாமல் எரியும் சூடு ஃபயர் பாயின்ட். இரண்டாவது எப்போதும் கூடுதலாக இருக்கும். வியாபாரிகள் எதை விளம்பரப்படுத்தினார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

திறந்த கிண்ணத்தில் ஆவி காற்றோடு போய்விடும். ஜன்னல் பக்கம் வைத்துச் சோதித்தால் எண்ணெய் இன்னும் "பாதுகாப்பாக" ஆகிவிடும். பிரிட்டனில் 1862 சட்டம் 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்றது, 1868 சட்டம் அதைத் திறந்த கிண்ணத்தில் சோதிக்கச் சொன்னது. 1879இல் ஏபல் என்ற வேதியியலாளரின் மூடிய கிண்ணத்துக்கு மாறினார்கள். அதில் எல்லை 73 டிகிரி. 27 டிகிரி தளர்த்திவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், அதே எண்ணெய் மூடிய கிண்ணத்தில் 73இலேயே பற்றும்.

73 ஃபாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 23 செல்சியஸ். லண்டனுக்குச் சரி. சென்னையில் மார்கழி விடியலில்தான் அதற்குக் கீழே போகும். இன்றைய இந்தியத் தரம் ஐ.எஸ். 1459, ஏபல் கிண்ணத்தில் குறைந்தது 35 செல்சியஸ் கேட்கிறது.

ஜூன் 9, மதியம் 12.30

"சரி, சீமெண்ணெய் பழங்கதை. பல்பு?" என்று வேறொருவர் கேட்கிறார். கேட்பது ஃபீபஸ் சிண்டிகேட்டைத்தான், அதாவது போட்டி பல்புக் கம்பெனிகள் தங்களுக்குள் கூடிப் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1924 டிசம்பரில் ஜெனீவாவில் கூடினார்கள். ஓஸ்ராம், பிலிப்ஸ், பிரெஞ்சு, பிரிட்டிஷ், ஜப்பானியக் கம்பெனிகள். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நேராகக் கையெழுத்துப் போடாமல் வெளிநாட்டுத் துணைக் கம்பெனிகள் வழியாக உள்ளே இருந்தது. உலகத்தைப் பங்கு பிரித்தார்கள், ஒதுக்கீட்டைத் தாண்டி விற்றால் அபராதம். இதெல்லாம் எல்லாச் சிண்டிகேட்டும் செய்வது. புதுமை என்னவென்றால் பல்பின் ஆயுள் 1,000 மணி நேரம் என்று வைத்து, மாதிரிகளைச் சோதித்து, அதைத் தாண்டி எரிந்தால் அபராதம் போட்டது. 1926இல் சராசரி 1,800 மணி. 1933-34இல் 1,205. பொருள் நன்றாக உழைத்ததற்குத் தண்டம் கட்டிய தொழில் வேறு இருந்தால் சொல்லுங்கள். வடிகட்டிய மோசடி.

ஜூன் 12, காலை 6.20 (என்னை நானே திருத்துகிறேன்)

"வடிகட்டிய மோசடி" என்று எழுதிவிட்டு மூன்று நாளாக உறுத்துகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

டங்ஸ்டன் இழை சூடு கூடினால் வெளிச்சம் தரும், சீக்கிரம் ஆவியாகிச் சாகும். வழக்கமான வாய்ப்பாடு: வெளிச்சம் மின்னழுத்தத்தின் 3.4 அடுக்கில் ஏறும், மின்செலவு 1.6 அடுக்கில், ஆயுள் சுமார் 13 அடுக்கில் இறங்கும். அழுத்தத்தை 5 சதவீதம் குறைத்தால் ஆயுள் கிட்டத்தட்ட இரட்டிப்பு, வெளிச்சம் 84 சதவீதம், மின்செலவு 92 சதவீதம். அதே வெளிச்சம் வேண்டுமானால் சுமார் 10 சதவீதம் கூடுதல் மின்சாரம்.

60 வாட் பல்பு 1,000 மணி எரிந்தால் 60 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய். 10 சதவீதம் என்பது 30 ரூபாய். பல்பு விலை 15 ரூபாய் என்றால் இரட்டை ஆயுளால் மிச்சம் ஏழரை ரூபாய். நீண்ட ஆயுள் பல்பு வாங்கியவர்தான் நட்டப்படுகிறார்! 1951இல் பிரிட்டனின் ஏகபோக ஆணையமும் 1,000 மணி என்பது பொதுப் பயனுக்கு நியாயமான சமரசம் என்றுதான் சொன்னது.

கலிபோர்னியாவில் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரியும் பல்பைக் காட்டுவார்கள். அது கார்பன் இழை, இன்று 4 வாட் அளவுதான் எரிகிறது. அதன் கீழே உட்கார்ந்து இதைப் படிக்க முடியாது.

ஜூன் 12, இரவு 9.45

அதற்காக ஃபீபஸுக்கு வெள்ளையடிக்கவில்லை. வீட்டுக்கு 1,000 மணி சரி. ஏணி போட்டு ஆள் ஏறி மாற்ற வேண்டிய மாடிப்படி, தெருவிளக்கு, தொழிற்சாலைக் கூரை? அங்கே மாற்றும் கூலி பல்பு விலையைவிட அதிகம். அவர்களுக்கு 2,000 மணிதான் லாபம். எது லாபம் என்பதை வாங்குகிறவர் தேர்ந்தெடுக்க விட்டிருக்க வேண்டும். நீண்ட ஆயுள் உண்மையிலேயே மோசமான சரக்கு என்றால் அதைத் தடுக்க அபராதப் பட்டியல் எதற்கு? அதுவே விற்காமல் போயிருக்கும்.

ஜூன் 13, காலை 11.00

கேள்வி கேட்டவருக்கு ஒரு வெற்றியைக் கொடுத்துவிடுகிறேன். ஃபீபஸைக் குத்தியவர்கள் அரசாங்கத்தார் இல்லை.

ஒரு குத்து ஜப்பானிலிருந்து. சின்னச் சின்னப் பட்டறைகளில் கையால் செய்த மலிவு பல்பு வெளிநாடெல்லாம் பாய்ந்தது. தரம் சுமார்தான். இன்னொரு குத்து ஸ்வீடனின் கூட்டுறவு ஒன்றியத்திலிருந்து. லூமா என்ற ஆலையை ஸ்டாக்ஹோமில் கட்டி 1931இல் உற்பத்தி தொடங்கினார்கள். ஆலை வருகிறது என்ற பேச்சிலேயே அங்கே சிண்டிகேட் விலை இறங்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் டைட்வாட்டர் செய்த சமரசத்தை லூமா ஏன் செய்யவில்லை? அதன் உரிமையாளர்களே பல்பு வாங்குகிறவர்கள். சிண்டிகேட்டில் சேர்ந்து விலையை ஏற்றினால் தன் பையிலிருந்தே எடுத்துத் தன் பையிலேயே போட வேண்டும். கடைக்காரனை மிரட்டி "அவன் சரக்கை வைக்காதே" என்று சொல்லவும் வழியில்லை, கடைகளும் ஒன்றியத்துடையவை. மழைக்குக் காலணிமேல் போடும் ரப்பர் காலணிச் சிண்டிகேட்டையும் இதே ஒன்றியம்தான் முன்பு உடைத்திருந்தது.

ஃபீபஸ் கடைசியில் கலைந்தது உலகப்போரில்.

ஜூன் 13, இரவு 10.20

இந்தியாவில் என்ன நடந்தது என்று கேட்டவருக்கு.

1927இல் நியூயார்க் ஸ்டாண்டர்ட் கம்பெனி (1911இல் உடைந்த ஸ்டாண்டர்டின் ஒரு துண்டு, கீழே வரும் ஜெர்சி ஸ்டாண்டர்ட் இன்னொன்று) சோவியத் எண்ணெயை வாங்கி இந்தியாவில் விற்றது. போட்டி எண்ணெய்க் கம்பெனியான ராயல் டச் ஷெல்லுக்கு ஆத்திரம், இந்தியாவிலேயே சீமெண்ணெய் விலையை வெட்டியது. விலைப்போர். நம் பாட்டன்மார் கொஞ்ச காலம் மலிவாக விளக்கேற்றினார்கள். சண்டை மற்ற நாடுகளுக்கும் பரவியது.

1928 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் அக்னாகாரி கோட்டையில் ஷெல், ஜெர்சி ஸ்டாண்டர்ட், ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனிகளின் தலைவர்கள் வேட்டைக்கு என்று கூடினார்கள். "இருக்கிறபடி இருக்கட்டும்", அவரவர் பங்கு 1928இல் உள்ளபடியே உறைந்து நிற்கட்டும் என்று முடிவு. விலைக்கு அடிப்படை அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாத் துறைமுகம். பாரசீகத்தின் ஆபாதானிலிருந்து பம்பாய்க்குக் கப்பல் வந்தாலும் விலை டெக்சாஸிலிருந்து வந்ததாகத்தான். வராத கப்பலுக்கு வாடகை.

அந்த ஒப்பந்தம் அமெரிக்க உள்நாட்டுச் சந்தையை மட்டும் விட்டுவிட்டது. ஏகபோகத்தைத் தடுக்கும் 1890இன் ஷெர்மன் சட்டம் அங்கே இருந்தது, 1911இல் அது ஸ்டாண்டர்டை 34 துண்டாக உடைத்துக் காட்டியிருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் ஃபீபஸில் நேராகக் கையெழுத்துப் போடாமல் ஒதுங்கியதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று நாம் வாதாடுகிறோம். சிண்டிகேட் போட்டவர்கள் தாங்கள் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதைத் தெளிவாகவே தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஜூன் 14, காலை 9.10 (கேள்வி கேட்டவர்)

அக்னாகாரிக்குப் பதில் இல்லை. ஆனால் ரேஷன் சீமெண்ணெயை டீசலில் கலந்தது எந்தச் சுதந்திரச் சந்தை? அது முழுக்க அரசு வைத்த விலை.

ஜூன் 14, பகல் 3.35

நல்ல அடி. மானிய விலையில் சீமெண்ணெய், பக்கத்திலேயே அதைவிட விலை கூடிய டீசல். இரண்டும் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. 1870இல் நாப்தா செய்த வேலையை இங்கே சீமெண்ணெய் செய்தது. கலப்படம் தெரியட்டும் என்று ரேஷன் சீமெண்ணெயில் நீலச் சாயம் போட்டார்கள், உறிஞ்சும் மண்ணில் வடிகட்டிச் சாயத்தை எடுத்தார்கள். 2006இல் சோதித்தால் மட்டும் தெரியும் நிறமில்லாத அடையாளப் பொருளை (மார்க்கர்) கலந்து பார்த்தார்கள், அதுவும் நீடிக்கவில்லை. விலை இடைவெளியை அரசு உண்டாக்கினாலும் சந்தை உண்டாக்கினாலும் கலப்படக்காரனுக்கு ஒன்றுதான்.

ஜூன் 20, இரவு 8.15

எல்.இ.டி. பல்பைப் பற்றிக் கேட்டிருந்தார்கள், சுருக்கமாக. அட்டையில் போட்டிருக்கும் 25,000, 50,000 மணி பெரும்பாலும் உள்ளே ஒளி தரும் சிப்புக்குத்தான் பொருந்தும். முதலில் சாவது, சிப்புக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பலகையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்ற பாகம். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் சுமார் பாதி. மூடிய கூண்டு விளக்கில், தலைகீழாக மாட்டினால் சூடெல்லாம் அந்தப் பலகையில்தான் தங்கும். வாங்கும்போது ஐ.எஸ். 16102 பதிவு எண் இருக்கிறதா, உத்தரவாதம் எத்தனை வருஷம், கடைக்காரர் தேதி போட்டுத் தருகிறாரா என்று பாருங்கள். மணிக்கணக்கை யாரும் உங்கள் வீட்டில் உட்கார்ந்து எண்ணப் போவதில்லை, தேதி போட்ட பில்லைக் காட்டலாம்.

விலை? அரசு நிறுவனம் மொத்தமாக ஏலம் கேட்டு வாங்கிய விலை 2014இல் 310 ரூபாய், சில வருஷத்தில் 38. இதை அரசின் சாதனை என்று எழுத உட்கார்ந்தேன். அதே காலத்தில் உலகம் முழுக்கச் சிப் விலையும் சரிந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லக் கூடியவர்கள் யாராவது வந்தால் எழுதுங்கள்.